1985 ஜனவரிப் பிறந்தநாள்கள்

பல்கேரியாவில் எங்கள் ஊர் வாசகசாலையின் முன்கூடத்தில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. ஆள் உயரம். உச்சியில் மாதத்தின் பெயர். இடதுபக்கம் அந்த மாதத்தில் எப்போதோ ஊரில் நடந்த முக்கிய நிகழ்ச்சிகள். வலதுபக்கம் அந்த மாதத்தில் பிறந்த, ஊர் மெச்சும் ஆட்களின் பெயர்கள். பதினோரு வருடம் அதை எழுதியவள் நான். தூரிகை எழுத்து நன்றாக வரும் என்பதால்தான் எனக்கு அங்கே வேலையே கிடைத்தது.

1985 ஜனவரிக்கான பலகையை டிசம்பர் கடைசியிலேயே முடித்துவிட்டேன். 1951-இல் கூட்டுப் பண்ணைக்கு முதல் டிராக்டர் வந்தது. 1963-இல் பனி மூடி ஒன்பது நாள் ஊர் துண்டிக்கப்பட்டது. 1974-இல் எங்கள் வாத்தியக் குழு மாவட்டப் பரிசு வாங்கியது. வலதுபக்கம் எட்டுப் பெயர்கள். கால்நடை டாக்டரும், போரில் செத்த ஒரு வீரரும் பல்கேரியர்கள். மீதி ஆறு பேரும் எங்களைப் போல் துருக்கியர். கடைசிப் பெயர் என் அப்பாவுடையது: ‘ஜனவரி 24. ஷாகிர் பயில்வான். எழுபது வயது நிறைவு.’

அப்பா வாலிபத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு மூன்று மாவட்டத்து மைதானங்களில் மல்லுக்கு நின்றவர். அம்மா இறந்த பிறகு நானும் அவரும்தான் வீட்டில். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு இருதயம் பலவீனம். தினமும் இரண்டு மாத்திரை போட வேண்டும். தவறினால் கால் வீங்கும், மூச்சு இரைக்கும்.

தெற்கே மலைப் பக்கத்தில் துருக்கியர்களின் பெயர்களை மாற்றுகிறார்களாம் என்று லாரிக்காரர்கள் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பெயரை எப்படி மாற்ற முடியும்? ஓர் ஆள் இரண்டு ஆள் என்றால் சரி. ஊரையேவா? வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் ஹில்மி, “அவங்க மாத்தி எழுதி முடிக்கறதுக்குள்ள பேனாவுல மை தீந்துடும்” என்று சிரித்தான்.

பதினாறாம் தேதி புதன்கிழமை காலை பஸ் வரவில்லை. பனியால் என்று நினைத்தோம். தபால் நிலையத்தில் தொலைபேசி செத்திருந்தது. அதுவும் பனி என்றார்கள். மதியம் பால் வண்டி பாதி வழியில் திரும்பி வந்தது. ஓட்டி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. ஊரின் இரண்டு முனையிலும் போலீஸ் லாரிகள், நாய்கள், தோளில் துப்பாக்கி போட்ட ஆட்கள். யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது.

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. வேலை பார்ப்பவர்கள் முதலில், பிறகு ஓய்வூதியக்காரர்கள், பிறகு மற்றவர்கள். எல்லோரும் பழைய அடையாளப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டும்.

நான் பத்து மணிக்கெல்லாம் வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் ஊராட்சிச் செயலர் கெஞ்சோ உட்கார்ந்திருந்தார். பல்கேரியர்தான், ஆனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா செய்த பக்லாவா இனிப்பைத் தட்டோடு வழித்துச் சாப்பிட்டவர். அவர் பக்கத்தில் நான் முன்பின் பார்க்காத ஒருவர், தொப்பியைக் கழற்றாமல் இருந்தார்.

“பேரு?” என்றார் கெஞ்சோ.

“என்ன கெஞ்சோ அண்ணே, என்னைத் தெரியாதா?”

“தெரியும்மா. நீ சொல்லணும், நான் எழுதணும். அப்படித்தான் உத்தரவு.”

“நெஃபிசே.”

அவர் இரண்டு தாள்களை என் பக்கம் தள்ளினார். “பொம்பளைங்க பேரு ரெண்டாவது தாள்ல இருக்கு. ஒண்ணு எடுத்துக்க.”

“வேணாம்னு சொன்னா?”

“கேக்காதம்மா. நீ கேட்டா நான் பதில் சொல்லணும். நான் சொன்னா இவரு எழுதிக்குவாரு.” தொப்பிக்காரர் உண்மையாகவே பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

எனக்குப் பின்னால் நின்ற சபஹத், கூட்டுப் பண்ணையில் பால் கறப்பவள், முதுகில் விரலால் குத்தினாள். “முதல் எழுத்து மாறாமப் பாத்து எடுடீ. கைக்குட்டையில தைச்ச எழுத்தெல்லாம் வீணாப் போகாது.”

யாரும் சிரிக்கவில்லை. நான் தாளில் நெ-யில் தொடங்கும் பெயரைத் தேடினேன். நெவேனா. விரலை வைத்தேன். கெஞ்சோ எழுதினார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து அலுவலகச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டில் அப்பா அடுப்போரம் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பேரு குடுத்தாங்க?”

“நெவேனா.”

“அது ஒரு பூ இல்ல?”

“ஆமாப்பா. மஞ்சப் பூ.”

“சரி. வாடாமப் பாத்துக்க.”

அப்பா ஊராட்சி அலுவலகத்துக்குப் போகவில்லை. ஓய்வூதியக்காரர்கள் முறை வந்தது, போனது. வெள்ளிக்கிழமை கெஞ்சோ இரண்டு போலீஸ்காரர்களோடு எங்கள் வீட்டு வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஷாகிர் அண்ணே, ஒரு கையெழுத்துதான். நானே எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன்.”

“எனக்கு உடம்பு சரியில்ல கெஞ்சோ. என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும். ஆனா முன்னாடியே சொல்லிடறேன், மூணு பேரு போதாது.”

நூற்றிருபது கிலோ மனிதர். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவரும் நாற்காலியும் ஒரே பொருள்போல் இருந்தன. போலீஸ்காரர்களில் மூத்தவர் சுவரில் இருந்த பழைய போட்டோவைப் பார்த்தார். அதில் அப்பா இடுப்பில் தோல் கால்சட்டையோடு, பரிசாகக் கிடைத்த செம்மறிக் கடாவைத் தோளில் போட்டு நிற்பார்.

“இவரை நான் சின்ன வயசுல பாத்திருக்கேன்” என்று அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார். சொன்னது தப்பு என்று உடனே தெரிந்ததுபோல் தொண்டையைக் கனைத்தார்.

கெஞ்சோ என்னை முற்றத்துக்கு அழைத்துப் போனார். “இங்க பாரும்மா. உங்கப்பாவை அடிச்சு இழுத்துட்டுப் போக யாருக்கும் ஆசையில்ல. ஊருல நாலு பேரு மதிக்கிற ஆளு. அதனாலதான் மேல ஒரு யோசனை பண்ணியிருக்காங்க. இருபத்தி நாலாம் தேதி அவருக்குப் பிறந்தநாள்னு உன் பலகையிலயே எழுதியிருக்கே? அன்னிக்கு வாசகசாலையில பெரிய விழா. மாவட்டத்துலேருந்து ஆளு வருவாங்க, பத்திரிகை போட்டோக்காரரு வருவாரு. பயில்வானே சந்தோஷமாப் பேரு மாத்திக்கிட்டாருன்னா மத்தவங்களுக்கும் ஒரு தைரியம்.”

“அவர் மாத்திக்கலேன்னா?”

“அதுக்குள்ள மாத்திடணும். நீதான் சொல்லணும்.” போகும்போது திரும்பி, “பலகையையும் மாத்திடு. எல்லாப் பேரையும்” என்றார்.

வாசகசாலைத் தலைவி வெலிச்கா அக்கா நான் போவதற்கு முன்பே பச்சை வண்ண டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். பல்கேரியப் பெண்மணி, ஐம்பத்தைந்து வயது, என்னை வேலைக்கு எடுத்தவர். கண்கள் வீங்கியிருந்தன.

“வெறும் பெயிண்ட்தானே நெஃபி... நெவேனா. அடிச்சிட்டு மேல எழுதிடு. ஏன் எதுக்குன்னு யோசிக்காத. என் பையனும் எங்கயோ ஒரு ஊருல பனியில துப்பாக்கியோட நிக்கிறான். அவனும் யோசிக்கக்கூடாதுன்னு கும்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

வலதுபக்க ஆறு பெயர்களையும் பச்சையால் மூடினேன். பழைய எழுத்துகள் மெலிதாகத் தெரிந்துகொண்டே இருந்தன. மூன்று பூச்சு அடிக்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. அவர்களின் புதுப் பெயர்கள் எனக்குத் தெரியாது. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும்.

சபஹத் மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். “என் பேரா? என்னமோ சொன்னாங்க. உள்ள மேசை மேல காகிதம் கிடக்கு, போய்ப் படிச்சுக்க. மாடுங்களுக்கு மட்டும் யாரும் பேரு மாத்தல. குடுத்து வச்சதுங்க.”

கிளாரினெட் ஹில்மியும் தாளம் போடும் ஹுல்கியும் இரட்டையர்கள். பதினெட்டாம் தேதி பிறந்தவர்கள். ஒருவன் முதல் நாள் வரிசையில் நின்றான், மற்றவன் இரண்டாம் நாள். மேசையில் வேறு வேறு ஆட்கள். இப்போது இருவருக்கும் அப்பா பெயர், குடும்பப் பெயர்கூட வேறு வேறு. ஹில்மி எனக்கு இரண்டு அடையாளப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒரே முகம், ஒரே தேதி, சம்பந்தமில்லாத இரண்டு மனிதர்கள். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். “எங்கம்மா ஒருத்தரோட இல்லாம ரெண்டு பேரோட வாழ்ந்தாங்கன்னு எழுதிட்டாங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மருத்துவச்சி ரஹிமே கதவையே திறக்கவில்லை. உள்ளிருந்து, “எதை வேணா எழுதிக்க” என்று குரல் மட்டும் வந்தது. பாதி ஊரை வெளியே எடுத்துப் போட்ட கைகள் அவளுடையவை. ஊராட்சிப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

ஆசிரியர் தல்யாத் செத்து இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவரை விட்டுவிடலாம் என்று நினைத்துக் கெஞ்சோவிடம் கேட்டேன்.

“அவரையும்தான்” என்றார்.

“செத்தவரையா அண்ணே?”

“அவரோட பிள்ளைங்களுக்கு அப்பா பேரு மாறியிருக்கில்ல. அவரு மட்டும் பழைய பேருல இருந்தா பிள்ளைங்க யாரு பிள்ளைங்க ஆவாங்க?” தன் விளக்கத்தைக் கேட்டு அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், தாள்களை அடுக்க ஆரம்பித்தார். “பிள்ளைங்க ஆளுக்கொரு பேரு குடுத்திருக்காங்க. நீயே ஒண்ணு போடு. நல்ல பேராப் போடு.”

எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த மனிதருக்கு நான் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் ஒரு மூடிய பெட்டிக்குள் இருந்தோம். ரொட்டி இரண்டு நாளைக்கு ஒருமுறை போலீஸ் லாரியில் வந்தது. தெருவில் எங்கள் மொழியில் பேசக் கூடாது என்று தபால் நிலையச் சுவரில் ஒட்டினார்கள். அதனால் தெருவே பேசாமல் போனது. பெண்கள் கையசைத்துக்கொண்டார்கள், தலையாட்டிக்கொண்டார்கள். கடையில் விரலால் காட்டிச் சாமான் வாங்கினார்கள். ஒரு ஊரே ஊமையாகி நடந்தது. ஊரை விட்டு ஓடிப் போகலாமென்றால் இடுப்பளவு பனி, அதற்கு அப்பால் நாய்கள். அதற்கும் அப்பால் இருந்த ஊர்களிலும் இதேதான் நடந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மாத்திரை டப்பாவில் நான்கு மிச்சம் இருந்தன. திங்கட்கிழமை காலை சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் லில்யானா பெரிய பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினாள். புதுப் பதிவேடு, பசை வாசனை போகாதது.

“ஷாகிர்னு யாரும் இல்லையே.”

“லில்யானா, பத்து வருஷமா நீதானே குடுக்கறே?”

“எனக்குத் தெரியாதா என்ன? இந்தப் புத்தகத்துக்குத் தெரியாதே.” குரலைத் தாழ்த்தினாள். “சீட்டுல பேரு இருக்கணும், அந்தப் பேரு இதுல இருக்கணும். இல்லாட்டி மாத்திரைக் கணக்கு உதைக்கும், என் வேலை போயிடும். ஏதாவது ஒரு பேரு கொண்டு வா. எந்தப் பேரா இருந்தாலும் சரி, அடுத்த நிமிஷம் மாத்திரை தரேன்.”

“அரை மாசத்துக்கு மட்டும் கடனாக் குடேன்.”

“சனிக்கிழமையே இப்படித்தான் நாலு பேரு கேட்டாங்க.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஊராட்சி அலுவலகம் போனேன். வழியில் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அப்பாவைக் கேட்டால் வேண்டாம் என்பார், செத்துப் போவார். கேட்காவிட்டால் உயிரோடு இருப்பார், என்னை மன்னிக்க மாட்டார். இரண்டில் எது வேண்டும் என்று அந்த நூறு அடி தூரத்தில் தீர்மானித்துவிட்டேன். இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கெஞ்சோ ஆண்களின் தாளை நீட்டினார். ஷ-வில் பிடித்த பெயர் எதுவும் இல்லை. ஸ்த்ராவ்கோ என்று ஒன்று இருந்தது. பல்கேரிய மொழியில் ஆரோக்கியம் என்ற சொல் அதற்குள் இருக்கிறது. அதைக் காட்டினேன். அப்பாவின் பெயருக்கு எதிரே ‘மகள், அவர் சார்பாக’ என்று கையெழுத்துப் போட்டேன்.

“நல்ல காரியம் பண்ணினே” என்றார் கெஞ்சோ. எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

லில்யானா வாக்கு மாறவில்லை, உடனே மாத்திரை கொடுத்தாள். ஆனால் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் பெயரை எழுதிவிட்டாள். நான் அதைச் சுரண்டிவிட்டுக் கொடுத்திருக்கலாம். ஏனோ செய்யவில்லை. எப்படியும் இருபத்து நாலாம் தேதி தெரியத்தானே போகிறது.

அப்பா டப்பாவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“யாரு இது?”

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

“கையெழுத்து யாரு போட்டது?”

“நான்தான்பா.”

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். டப்பாவை மேசையின் என் பக்க ஓரத்தில் மெதுவாக வைத்தார். “அந்த ஆளுக்குக் குடுத்துடு. அவருக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு.”

இரண்டு நாள் அவர் மாத்திரை தொடவில்லை. என்னோடும் பேசவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் சுற்றி வந்தோம். புதன்கிழமை காலை அவர் கால்கள் செருப்புக்குள் போகவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது. நான் இரண்டு மாத்திரையை அம்மாவின் பூண்டு இடிக்கும் உரலில் பொடி செய்து, தயிரில் கலந்து, மேலே உப்பும் பூண்டும் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு கரண்டி வாயில் வைத்தார். மென்றார், தயிரை யாராவது மெல்வார்களா. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தயிரு கசக்குது.”

“பால் அப்படிப்பா. மாட்டுக்கு வைக்கோல் சரியில்ல.”

கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல தயிருதான்” என்றார். “இன்னும் கொஞ்சம் போடு.”

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். நான் கொல்லைக்குப் போய் தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

இருபத்து நாலாம் தேதி பதினொரு மணிக்குக் கார் வந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்கு முன்பே அவர் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சவரம் செய்து, மீசையைச் சீவி, மல்லுக்கு வாங்கிய பழைய பதக்கத்தைக் குத்தியிருந்தார். “பிறந்தநாளுக்குக் கூப்பிட்டா போகணுமில்ல” என்றார். அவர் எதற்குத் தயாராகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

முன்கூடத்தில் பலகைக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். இடதுபக்கத்தைப் படித்தார், டிராக்டர், பனி, வாத்தியக் குழு. வலதுபக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை படித்தார். “எழுத்து நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

அரங்கம் நிறைந்திருந்தது. வராதவர்கள் பெயரைக் குறிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். இருநூறு பேர், ஒரு இருமல்கூட இல்லை. அப்பா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். மேடையில் மாவட்டத்திலிருந்து வந்தவர் அரைமணி நேரம் பேசினார். வேர்கள் என்றார், இரத்தம் என்றார், மக்கள் தாமாக முன்வந்து என்றார். பிறகு காகிதத்தைப் பார்த்து, “இன்று எழுபதாம் பிறந்தநாள் காணும் நம் பெருமைக்குரிய மல்லர், தோழர் ஸ்த்ராவ்கோ அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்” என்றார்.

வெலிச்கா அக்கா பூங்கொத்தோடு எழுந்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

அப்பா அசையவில்லை.

“தோழர் ஸ்த்ராவ்கோ!”

அப்பா திரும்பிப் பார்த்தார். பின்வரிசைகளில் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று உண்மையாகவே தேடுபவர்போல், கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்து வரிசையில் இருந்த ஹில்மியும் திரும்பிப் பார்த்தான். அப்புறம் சபஹத். அப்புறம் மொத்த அரங்கமும் நாற்காலிகள் கிரீச்சிட, தலைகளைத் திருப்பி அந்த மனிதரைத் தேடியது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை. இருநூறு பேர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவைப் பார்த்தோம். நானும் பார்த்தேன்.

கெஞ்சோ ஓடி வந்து அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தார். நல்ல பல்கேரிய மொழியில், மரியாதையாக, மேடையைப் பார்த்துச் சொன்னார்:

“மன்னிக்கணும் தோழரே. அவரு வரல போலிருக்கு. நான் ஷாகிர். பயில்வான். எனக்கும் இன்னைக்குத்தான் பிறந்தநாள்.”

உட்கார்ந்துவிட்டார்.

கேமரா ஒருமுறைகூடச் சொடுக்கவில்லை. மேடையில் இருந்தவர் காகிதத்தை மடித்தார். விழா முடிந்தது என்று வெலிச்கா அக்கா சொன்னார், பூங்கொத்து இன்னும் கையில் இருந்தது. வெளியே போகும்போது யாரும் அப்பாவிடம் பேசவில்லை, ஆனால் போனவர்கள் ஒவ்வொருவரும் அவருடைய கோட்டுக் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தெரியாமல் இடித்ததுபோல். ரஹிமேகூட வந்திருந்தாள்.

மதியம் அவரைக் கொண்டுபோனார்கள். நான்கு பேர் வந்தார்கள், ஆனால் அவர் தானாகவே நடந்து போனார்.

மறுநாள் என்னை வாசகசாலை அலுவலகத்தில் உட்கார வைத்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். தொப்பிக்காரர், கெஞ்சோ, வெலிச்கா அக்கா. அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகவே புத்தி பேதலித்திருக்கிறது, தன் பெயரைக்கூட மறந்துவிடுகிறார், இதற்கு மகளாகிய நான் சாட்சி என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மனநல மருத்துவமனையில் ஒரு மாதம் வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். போடாவிட்டால் அவரை ஆற்றுப் பக்கம், ருமேனிய எல்லையோர கிராமம் ஒன்றில் கொண்டுபோய் விடுவார்கள். எத்தனை காலம் என்று தெரியாது.

“போட்டுடு கண்ணு” என்றார் வெலிச்கா அக்கா. “ஒரு மாசம்தானே. அந்தக் குளிருல, அந்த இருதயத்தோட, யாரும் தெரியாத ஊருல அவரு தாங்க மாட்டாரு.”

“புத்தி சரியில்லாதவரா இருந்தாத்தான் இப்படிப் பண்ணுவாரு” என்றார் கெஞ்சோ. “பொய் ஒண்ணும் இல்லையே.”

பேனா என் கையில் இருந்தது. முதல் தடவை கையெழுத்துப் போட்டபோது அவருக்கு உயிர் வேண்டும் என்று போட்டேன். இந்தத் தடவையும் அதற்காகத்தான் கேட்கிறார்கள். ஆனால் நேற்று அந்த அரங்கத்தில் இருந்தவர்களிலேயே புத்தி தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான். அது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

“அவரோட நானும் போகலாமா?” என்று கேட்டேன்.

தொப்பிக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். “போகலாம். வேலை, வீடு எதுவும் உனக்காகக் காத்திருக்காது.”

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். வெலிச்கா அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

முப்பத்தோராம் தேதி வியாழக்கிழமை மூடிய வேனில் ஏற்றினார்கள். ஒரு பெட்டி, ஒரு மெத்தை, மாத்திரை டப்பா. அப்பாவை ஏழு நாளில் மெலிய வைத்திருந்தார்கள். கன்னத்தில் ஒரு காயம். அதைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. வேனில் ஜன்னல் கிடையாது. எங்கே போகிறோம் என்று திருப்பங்களை வைத்துத்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அவர் பேசினார்.

“அந்தப் பேரை எப்படிப் பிடிச்சே?”

“பட்டியல்ல இருந்துச்சுப்பா.”

“பட்டியல்ல ஆயிரம் இருக்கும். ஏன் அதை?”

“ஆரோக்கியம்னு அர்த்தம் வருதேன்னு...”

அவர் தன் வீங்கிய கால்களைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. முதலில் அழுகிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். சிரிப்பு. இருமல் வந்து நிற்கும்வரை சிரித்தார். “கூறுகெட்டவளே” என்று சொல்லி என் தலையைத் தன் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அப்படியே தூங்கிப்போனேன்.

அந்த ஆற்றோரக் கிராமத்தில் எங்களுக்கு ஒரு பழைய பள்ளி அறையைக் கொடுத்தார்கள். காலையிலும் மாலையிலும் ஊராட்சியில் போய்த் தலையைக் காட்ட வேண்டும். கிராமத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அங்கிருந்த பல்கேரியர்கள் முதல் மாதம் எங்களைக் கண்டால் தெருவைக் கடந்தார்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் வந்து அப்பாவோடு சீட்டு விளையாட ஆரம்பித்தார். அப்பாவை அவர் கடைசிவரை ‘பக்கத்து வீட்டுக்காரரே’ என்றுதான் கூப்பிட்டார். 1987 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சீட்டைக் கலைத்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். எங்கள் முறைப்படி குளிப்பாட்டித் தொழுகை நடத்த அங்கே ஆள் இல்லை. நானே குளிப்பாட்டினேன். தெரிந்த அளவுக்கு ஓதினேன்.

1989 கோடையில் எல்லையைத் திறந்தார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் கட்டிலையும் கம்பளத்தையும் கார்கள்மேல் கட்டிக்கொண்டு துருக்கிக்குப் போனார்கள். ஹில்மி, ஹுல்கி, சபஹத் எல்லோரும். அந்த நவம்பரில் ஆட்சி மாறியது, அதற்கடுத்த வருடம் பெயர்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கே திரும்பி வந்தேன். துருக்கியிலுள்ள புர்ஸா நகரத்திலிருந்து சபஹத் இன்னும் போன் செய்கிறாள். “அங்க யாருடீ இருக்கா உனக்கு, கிளம்பி வா” என்பாள். வருகிறேன் வருகிறேன் என்பேன்.

ஆற்றோரக் கிராமத்துக்கு வாரத்துக்கு ஒரு பஸ்தான். மாவட்டத் தலைநகரில் ஒருமுறை மாற வேண்டும். போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆகிறது. அப்பாவின் கல்லறையைச் சுற்றிப் புல் வேகமாக வளர்கிறது. மாதம் ஒருமுறையாவது போய்ப் பிடுங்காவிட்டால் கல்லே தெரிவதில்லை.